கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: ஒரு வோல்ட் என்பது இவ்வளவுதான் என்று எதை வைத்து முடிவு செய்தார்கள்? (வாசகி, தேனி)

பதில்: இத்தாலிய அறிவியலாளர் வோல்ட்டாவிலிருந்து தொடங்குகிறேன், அந்த மனிதரை எனக்கு மிகவும் பிடிக்கும். செத்த தவளையின் கால் துடித்ததைப் பார்த்து, மின்சாரம் உயிரின் உடலிலேயே இருக்கிறது என்றார் போலோனியா நகரத்துக் கால்வானி. கோமோ ஊர்க்காரரான வோல்ட்டா ஒப்பவில்லை. தொட்டுக்கொண்டிருக்கும் இரு வேறு உலோகங்களே காரணம் என்று வாதாடினார். துத்தநாகம், வெள்ளி வட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கி, நடுநடுவே உப்புநீரில் நனைத்த அட்டையைச் செருகினார், மின்சாரம் ஓடியது! 1800-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதி அறிவித்தார். சோதனைக் கருவிகளில் அவருடைய நாக்கும் ஒன்று. காதுகளிலும் கம்பியை நுழைத்து, பசை கொதிப்பதுபோல் ஓசை கேட்டதாக எழுதியிருக்கிறார். நீங்கள் இதை முயலவே வேண்டாம்.

அவர் பெயரில் அமைந்த அலகை 1881-இல் பாரிஸ் மாநாடு ஏற்றது. அன்று தந்தி நிலையங்களில் பழகிய டேனியல் மின்கலத்தின் அழுத்தம் ஏறத்தாழ 1.1 வோல்ட், அதற்கு அருகில் வரும்படியே அளவைத் தேர்ந்தார்கள். ஒரு கூலும் மின்னூட்டத்தை நகர்த்த ஒரு ஜூல் ஆற்றல் செலவானால், அது ஒரு வோல்ட். இன்று ஆய்வகங்கள் மீக்கடத்திகளில் (மிகக் குளிரில் மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்களில்) நுண்ணலையைச் செலுத்தி இதைத் துல்லியமாகப் பெறுகின்றன. 1962-இல் இந்த விளைவைக் கணித்த இயற்பியலாளர் ஜோசப்சனுக்கு அப்போது வயது 22.

கேள்வி: வீட்டு மின்சாரம் எப்போதும் 230 வோல்ட்தானா?

பதில்: இல்லை. வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் அலைபோல் ஏறி இறங்கும், 230 என்பது அதன் ஒருவகைச் சராசரி. உச்சத்தில் சுமார் 325 வோல்ட்டைத் தொடும். நொடிக்கு 100 முறை சுழியாகவும் ஆகும்.