சிறு தொழில் சங்கத்தில் சந்தா கட்டிச் சேருவதால் உண்மையில் ஏதாவது பலன் உண்டா?

உண்டு. ஆனால் நீங்கள் எதிர்பார்க்கிற பலன் இல்லை.

கேள்வியில் நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: ஊரில் உள்ள சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், வருடச் சந்தா கேட்கிறார்கள், வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் காலை வணக்கமும் பொன்னாடை போட்ட போட்டோவும்தான் வருகிறது, இதில் சேர்ந்தால் ஆர்டர் கிடைக்குமா என்று. புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறீர்கள், இரண்டு மூன்று பேரை வேலைக்கு வைத்திருக்கிறீர்கள், சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது வயிற்றைப் பிசைகிறது என்று நானே வைத்துக்கொள்கிறேன். ஆர்டருக்காகச் சேருவதாக இருந்தால் சேராதீர்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் நீங்கள் செய்கிற அதே வேலையைச் செய்கிறவர்கள். உங்களுக்கு ஆர்டர் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

நான் கோயம்புத்தூர். அப்பா வைத்திருந்த லேத்துப் பட்டறையை இப்போது நான் நடத்துகிறேன். பம்புக்கு ஷாஃப்ட், வெட்கிரைண்டருக்குச் சில உதிரி பாகங்கள், எல்லாமே ஜாப் ஒர்க்தான், அதாவது கம்பெனிகள் கொடுக்கும் ஆர்டருக்குச் செய்து கொடுப்பது. லேத்துப் பட்டறையில் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்கள் எப்படியும் வருவார்கள், அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: மைக்ரோமீட்டர் பார்க்கவும் பில் போடவும் பார்ட்டியிடம் பணம் கேட்கவும் மீசை தேவைப்படவில்லை. சங்கத்திலும் முதல் கூட்டத்தில் என்னைக் குத்துவிளக்கு ஏற்றத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள், பேசக் கூப்பிடவில்லை. ஆகவே நான் சங்கத்துக்கு ஜால்ரா அடிக்கிறேன் என்று யாரும் கமென்டில் ஆரம்பிக்க வேண்டாம். எந்தப் பொறுப்பிலும் நான் இல்லை, நிற்கும் எண்ணமும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு சந்தாவை நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். பேமென்ட் பிரச்சினைதான் என்னை அங்கே பிடித்து வைத்தது.

ஒரு பம்பு கம்பெனி, பெயர் வேண்டாம். சரக்கு போகும், சலானில் கையெழுத்து வாங்கி வருவோம், அப்புறம் ஐந்தாறு மாதம் பணம் வராது. போன் செய்தால் "அக்கவுண்ட்ஸ்ல சொல்லியிருக்கேன் மேடம், அடுத்த வாரம் ஆயிடும்" என்று அதே பையன் அதே குரலில் சொல்வான். நேரில் போனால் டீ கிடைக்கும். கொஞ்சம் குரலை உயர்த்திக் கேட்டால் அடுத்த மாத ஆர்டர் பாதியாகும். இது எனக்கு மட்டும் நடக்கிறது, பெண் என்பதால் ஏய்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சங்கக் கூட்டம் முடிந்து வண்டி எடுக்கும் இடத்தில்தான் தெரிந்தது, அங்கே நின்றிருந்த பாதிப் பேருக்கு அதே கம்பெனி பாக்கி வைத்திருந்தது.

செயலாளராக இருந்த பெரியவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உத்யம் பதிவு இருக்குதா கண்ணு?" என்பதுதான். குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு அது. இருந்தது, பேங்க்கில் கேட்டதற்காக எடுத்து வைத்தது. அது எதற்கெல்லாம் உதவும் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. 2006இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் வர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். அதைத் தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டியாக. சட்டம் இத்தனை வருடமாக இருக்கிறது, என் அப்பா கடைசி வரை பில்லின் அடியில் அதைப் பற்றி ஒரு வரி எழுதியதில்லை. எழுதினால் பார்ட்டி கோபித்துக்கொள்வார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.

"சட்டம்தான் இருக்கிறதே, பாக்கிப் பணத்துக்கான அரசு இணையதளத்தில் புகார் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே" என்று யாராவது சொல்வீர்கள். போடலாம். அந்தப் புகார்களை விசாரிக்கும் அரசு கவுன்சில் கோயம்புத்தூரிலேயே இருக்கிறது. அங்கே தீர்ப்பு நமக்குச் சாதகமாக வந்தால், கம்பெனி கோர்ட்டுக்குப் போக முக்கால் பங்குத் தொகையை முதலில் கட்டியாக வேண்டும். நல்ல சட்டம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று எழுதியிருப்பது நடைமுறையில் எவ்வளவு இழுக்கும் என்பதைப் போய்ப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். அதற்குள் ஒற்றைப் பார்ட்டியை நம்பியிருக்கும் பட்டறை என்ன செய்யும்?

சங்கம் செய்தது எளிமையான காரியம். பாக்கி இருக்கிறவர்கள் எல்லோருடைய பில் விவரத்தையும் வாங்கி, தன் லெட்டர்பேடில் ஒரே கடிதமாக எழுதி, கம்பெனியின் முதலாளிக்கே அனுப்பியது. மிரட்டல் எதுவும் இல்லை, இந்தச் சட்டப்பிரிவு இருக்கிறது, கவுன்சில் இருக்கிறது, பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று மரியாதையாக. நான் தனியாகக் கேட்டால் என் ஆர்டரை வெட்டிவிட்டு அடுத்த தெருவில் கொடுக்கலாம். அடுத்த தெருக்காரர் பெயரும் அதே கடிதத்தில் இருக்கும்போது எங்கே கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? பழைய பாக்கி இரண்டு தவணையாக வந்தது. வட்டி வரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆர்டர் பிறகு கொஞ்சம் குறையத்தான் செய்தது, கடிதத்தில் பெயர் சேர்க்காத இரண்டு பேருக்கு அது போயிற்று. அவர்கள் யார் என்று தெரியும், கல்யாண வீடுகளில் பார்த்தால் சிரித்துக்கொள்கிறோம்.

அப்புறம் 2024 மார்ச்சில் இன்னொரு கூத்து. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் பணம் கொடுக்காத பெரிய கம்பெனி, அந்தச் செலவை அந்த வருடக் கணக்கில் கழிக்க முடியாது, கொடுக்கிற வருடத்தில்தான் கழிக்கலாம். நமக்கு நல்லது என்று நினைத்தால், அந்த விதியிலிருந்து தப்பிக்கச் சில கம்பெனிகள் "எங்களுக்கு உத்யம் பதிவு இல்லை" என்று கடிதம் கொடுங்கள் என்று கேட்க ஆரம்பித்துவிட்டன. எனக்கும் வந்தது. குழுவில் போட்டேன், அரை மணி நேரத்தில் அதே கடிதத்தின் நகலைப் பத்துப் பேர் போட்டார்கள். கையெழுத்துப் போடாதீர்கள் என்று சங்கத்தில் சொன்னார்கள், பெரும்பாலும் யாரும் போடவில்லை. காலை வணக்கம் படத்துக்கு நடுவே இப்படி ஒன்று வரும், அதற்காகத்தான் அந்தக் குழுவை மியூட் செய்தாலும் விலகாமல் இருக்கிறேன்.

நீங்கள் கடை வைத்து வாங்கி விற்பவர் என்றால் மேலே சொன்ன 45 நாள் கதை உங்களுக்குப் பொருந்தாது. வியாபாரிகள் 2021 ஜூலையிலிருந்து உத்யமில் பதியலாம் என்றார்கள், ஆனால் அது வங்கிக் கடன் முன்னுரிமைக்கு மட்டும்தான். கேள்வியில் பட்டறையா கடையா என்று தெளிவாக இல்லை, அதனால் சொல்கிறேன்.

உள்ளூர்ச் செய்தியும் அங்கேதான் கிடைக்கிறது, பத்திரிகையில் இல்லை. 2022 ஜூலையில் வெட்கிரைண்டருக்கு ஜிஎஸ்டி 5லிருந்து 18 சதவீதமாக ஏறியபோது, டிவியில் தயிருக்கும் அரிசிக்கும் வரி என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் எத்தனை பட்டறை அதை நம்பியிருக்கிறது என்று பேச ஆள் இல்லை. அதே வருடம் செப்டம்பரில் மின்கட்டணம் ஏறி, வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணம் முதுகை ஒடித்தது. மறு வருடம் செப்டம்பரில் மாநிலம் முழுக்கச் சங்கங்கள் சேர்ந்து ஒரு நாள் கதவடைப்பு நடத்தின, நானும் ஷட்டரை இறக்கினேன். 12 கிலோவாட்டுக்குக் குறைவான இணைப்புகளை குறைந்த கட்டணப் பட்டியலுக்கு மாற்றுவதாக அறிவித்தார்கள். கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை, கிடைத்ததும் சும்மா கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் சென்னையில் முதலீட்டாளர் மாநாடு நடந்து 6.64 லட்சம் கோடி என்று முதல் பக்கம் முழுக்க வந்ததே, அதில் கால் பக்கம் இதற்கு வந்திருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியிருந்திருக்காது.

பத்திரிகையை மட்டும் சொல்வானேன். என் தம்பிக்குப் பெண் பார்க்கிறோம். கம்ப்யூட்டரில் ஓடும் சிஎன்சி மெஷினுக்குப் புரோகிராம் அவனே எழுதுவான், பேங்க்கில் கடன் முழுக்க அடைந்துவிட்டது, ஆனாலும் "சொந்தப் பட்டறைங்களா" என்று இழுக்கிறார்கள். ஐடி கம்பெனியில் நோட்டீஸ் பீரியடில் இருக்கிற மாப்பிள்ளை பரவாயில்லையாம். கையில் கிரீஸ் இருந்தால் ஜாதகம் பொருந்தாது போலிருக்கிறது. சரி, அதை விடுங்கள், நீங்கள் கேட்டது அது இல்லை.

எல்லாச் சங்கமும் ஒரே மாதிரி என்று நான் சொல்லவில்லை. சில சங்கங்கள் தலைவருடைய பிறந்தநாளுக்காகவே இயங்குகின்றன, அதையும் பார்த்திருக்கிறேன். சந்தா கட்டும் முன் அலுவலகத்துக்குப் போய், போன வருடம் மின்வாரியத்துக்கும் வரி அலுவலகத்துக்கும் பணம் தராத கம்பெனிகளுக்கும் எழுதிய கடிதங்களின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். ஃபைலை எடுத்து மேசையில் வைத்தால் சேருங்கள். ஆண்டு விழா ஆல்பத்தை எடுத்து வைத்தால் டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். இன்னொன்று, உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் ஒரு பைசாவும் கட்டணம் கிடையாது. அதே மாதிரி முகப்பு வைத்த தனியார் தளங்கள் ஆயிரக்கணக்கில் கேட்கும், சங்கத்திலேயே யாராவது "நான் எடுத்துத் தருகிறேன், செலவு ஆகும்" என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள்.