7 நிமிடத்தில் 1,500 மீட்டர்: ஓட்டத்துக்கு முன் ஓர் எக்கோ

கேள்வி: எனக்கு வயது 23. விருதுநகர் மாவட்டம். இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டேன். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கும் என்கிறார்கள். 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். அச்சகத்தில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு, தினமும் காலையில் தார் ரோட்டில் முழுத் தூரத்தையும் ஓடிப் பார்க்கிறேன். 8 நிமிடம் 20 விநாடிக்குக் கீழே வரவே மாட்டேன் என்கிறது. முதல் 400 மீட்டரை 1 நிமிடம் 35 விநாடியில் முடித்துவிடுகிறேன். அப்புறம் மூச்சு வாங்குகிறது, கால் எழும்புவதில்லை. மூன்று வாரமாக முழங்காலுக்குக் கீழே, முன்னெலும்பின் உள்பக்கத்தில் வலி வேறு. போன மாதம் ஒருநாள் ஓடி முடித்ததும் கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். தேர்வன்று வலி ஊசி போட்டுக்கொண்டால் எதுவும் தெரியாது என்கிறார் கூட ஓடும் நண்பர். போடலாமா? குடும்பத்தில் யாருக்கும் சர்க்கரை, பிரஷர் கிடையாது. சித்தப்பா மட்டும் 36 வயதில் தூக்கத்திலேயே இறந்துவிட்டார்.

மருத்துவர் பதில்: தம்பி, எழுத்துத் தேர்வில் தேறியதற்கு முதலில் வாழ்த்துகள். நீங்கள் கால் வலியைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கண்ணில் பட்டது கடைசி வரிதான்.

36 வயதில், வேறு நோய் எதுவும் இல்லாத ஒருவர் தூக்கத்தில் இறந்தார் என்றால், இதயத்தில் ஏதாவது கோளாறு இருந்ததா என்று குடும்பத்தில் மற்றவர்களையும் பார்ப்பது வழக்கம். இதயத் தசை இயல்புக்கு மேல் தடித்துப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. இதயத்தின் மின்னோட்டத்தில் வரும் கோளாறுகள் சில இருக்கின்றன. இவற்றில் பல பரம்பரையாக வருபவை. வெளியே எதுவும் தெரியாது. ஆள் நன்றாகவே இருப்பார், கபடி ஆடுவார், மூட்டை தூக்குவார். உங்களுக்கும் அது இருக்கும் என்று நான் சொல்லவில்லை. இல்லாமல் இருப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் பார்க்காமல் உங்களை வேகமாக ஓடச் சொல்ல எனக்கு மனம் வராது.

மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சித்தப்பா விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். அதைச் சொன்னால்தான் மருத்துவருக்கு ஏன் வந்தீர்கள் என்பது புரியும். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்பார், இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் இசிஜி எடுப்பார், ஒலி அலைகளால் இதயத்தைப் படமாகக் காட்டும் எக்கோ ஸ்கேன் பார்க்கச் சொல்வார். ஊசியோ வலியோ இல்லாத பரிசோதனைகள். உங்கள் அப்பாவும் ஒரு இசிஜி எடுத்துக்கொண்டால் நல்லது. இறந்தவர் அவருடைய உடன்பிறந்தவர் அல்லவா? ரிப்போர்ட் கைக்கு வரும்வரை வேக ஓட்டம் வேண்டாம். நடக்கலாம்.

கண் இருட்டியதைப் பற்றி: ஓடி முடித்து நின்ற பிறகு இருட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அது ஓரளவு ஆறுதலான செய்தி. ஓடும்போது கெண்டைக்கால் தசைகள் இறுகித் தளர்ந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் அந்தத் தள்ளல் நின்றுபோகும், ரத்தம் காலில் தேங்கும், தலைக்குப் போவது குறையும். பெரும்பாலும் காரணம் இவ்வளவுதான். ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுச் சுற்றில் இருட்டி விழுந்தாலோ, நெஞ்சை அழுத்தினாலோ, படபடப்பு தாறுமாறாக வந்தாலோ கதை வேறு. அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிட்டு அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

சரி, எக்கோவில் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீங்கள் குறைக்க வேண்டிய 80 விநாடிக்கு வருவோம்.

1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட, 400 மீட்டருக்கு 1 நிமிடம் 52 விநாடி போதும். நீங்கள் முதல் சுற்றை 1:35-க்கு ஓடுகிறீர்கள். தேவையைவிட 17 விநாடி வேகம்! மீதி 1,100 மீட்டருக்கு 6 நிமிடம் 45 விநாடி எடுக்கிறீர்கள், அதாவது சுற்றுக்கு 2:27. முதல் சுற்றில் சம்பாதித்த 17 விநாடியை அடுத்த ஒரே சுற்றில் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்கிறீர்கள்.

உடம்பு இப்படித்தான் வேலை செய்கிறது. ஓட ஆரம்பித்த உடனே இதயமும் நுரையீரலும் முழு வேகத்துக்கு வந்துவிடாது. ஒன்றரை, இரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் நீங்கள் பாய்ந்துவிட்டால், ஆக்சிஜன் போதாமல் தசை வேறு வழியில் சக்தியைத் தயாரிக்கிறது. அந்த வழி வேகமானது, ஆனால் தசைக்குள் அமிலத்தன்மை ஏறிக்கொண்டே போகும். தொடை எரிவதும் கால் எழும்பாததும் அதனால்தான். நுரையீரல் பலவீனம் என்று நினைத்து மூச்சுப் பயிற்சி வீடியோ பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். ஓடி நின்றபின் விடாத இருமலோ, நெஞ்சில் விசில் சத்தமோ வந்தால் மட்டும் சொல்லுங்கள். அது ஓட்டத்தால் தூண்டப்படும் ஆஸ்துமாவாக இருக்கலாம், அதற்கு இன்ஹேலர் இருக்கிறது.

அடுத்து, தினமும் முழுத் தூரத்தையும் ஸ்டாப்வாட்ச் வைத்து ஓடிப் பார்ப்பதை விடுங்கள். அது பயிற்சி இல்லை, தினமும் எழுதும் பரீட்சை. படிப்பதற்கு நாள் வேண்டாமா? 7 நிமிட ஓட்டத்தில் செலவாகும் சக்தியில் பெரும்பங்கு ஆக்சிஜனைக் கொண்டே கிடைக்கிறது. அந்தப் பங்கை வளர்ப்பது மெதுவான, நீளமான ஓட்டம். இதயம் ஒரு துடிப்புக்குத் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுவதும், தசைக்குள் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும் அதில்தான். மெதுவாக என்றால், பக்கத்தில் ஓடுபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியும் அளவுக்கு மெதுவாக. கூட ஓடும் பையன்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

முதல் இரண்டு வாரம் கால் வலிக்காக ஒதுக்குங்கள்; அதைப் பிறகு சொல்கிறேன். மூன்றாவது வாரத்திலிருந்து வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும். அதில் மூன்று நாள் மெதுவோட்டம், 20 நிமிடத்தில் ஆரம்பித்து 35 நிமிடம் வரை. ஒரே ஒரு நாள் வேகம்: 200 மீட்டரை 55 விநாடியில் ஓடி, ஒன்றரை நிமிடம் நடந்து, மறுபடி ஓடுங்கள். ஆறு முறையில் தொடங்கி எட்டு முறைக்குப் போங்கள். ஐந்தாவது வாரத்திலிருந்து அதுவே 400 மீட்டர் ஆகட்டும், 1:50-க்கு ஒன்று, நடுவில் இரண்டு நிமிட நடை, நான்கைந்து முறை. 1:40-க்கு ஓட முடிந்தாலும் ஓடாதீர்கள். 1:50 எப்படி இருக்கும் என்பது காலுக்குப் பழக வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயிற்சியே. முழு 1,500-ஐ ஆறாவது வார முடிவில் ஒருமுறை ஓடிப் பாருங்கள். கடைசி வாரம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

இந்த ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். 5:30-க்கு வந்தவரும் 6:55-க்கு வந்தவரும் இதில் ஒன்றுதான். மதிப்பெண் இருப்பது கயிறு ஏறுதல், தாண்டுதல் போன்ற அடுத்த கட்டத்தில். இங்கே உயிரைக் கொடுத்து முதலில் வந்து ஒன்றும் ஆகப்போவதில்லை.

இப்போது கால். முன்னெலும்பின் உள்விளிம்பை முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கட்டைவிரலால் மெதுவாக அழுத்திக்கொண்டே வாருங்கள். நான்கைந்து விரற்கடை நீளத்துக்குப் பரவலாக வலித்தால், அது எலும்பை ஒட்டிய தசையும் சவ்வும் இழுபட்டு வரும் வலி. தார் ரோடும், தேய்ந்த ஷூவும், ஓய்வே இல்லாத ஓட்டமும் சேர்ந்தால் வரும். ஒரே ஒரு புள்ளியில், விரல் வைத்தாலே துள்ளும் அளவுக்கு வலித்தால், ஒற்றைக் காலில் குதிக்க முடியாவிட்டால், ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். இதில் ஒரு சிக்கல்: தொடக்க வாரங்களில் எக்ஸ்ரேயில் விரிசல் தெரியாமலே போகலாம். எக்ஸ்ரே நார்மல் என்று தைரியமாக ஓடி, விரிசலை முழு முறிவாக்கிக்கொள்பவர்கள் உண்டு. எனவே புள்ளி வலி என்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். தேவைப்பட்டால் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்வார்.

பரவலான வலியாக இருந்தால் இரண்டு வாரம் ஓட்டத்துக்குப் பதில் சைக்கிள் மிதியுங்கள், எக்கோ ரிப்போர்ட் வந்த பிறகு தினமும் அரைமணி நேரம். மாலையில் துணியில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வையுங்கள். படிக்கட்டின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, குதிகாலை மேலே தூக்கி மெதுவாகக் கீழே இறக்குங்கள், 15 தடவை, மூன்று முறை. திரும்ப ஓடும்போது தார் ரோடு வேண்டாம். பள்ளி மைதானமோ கண்மாய்க்கரை மண் பாதையோ பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியைப் பற்றி. போடாதீர்கள். வலி தெரியாது என்பது உண்மைதான். விரிசல் விட்ட எலும்பின் மேல் ஓடிக்கொண்டிருப்பதும் தெரியாது. இன்னொன்று, இந்த வலி மருந்துகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைப்பவை. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல், தசை களைத்துப்போன உடம்பில் இது சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று செயலிழக்கலாம். ஓடியபின் சிறுநீர் டீ டிகாக்ஷன் நிறத்தில் போனால் ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது. பவர் ஏறும் என்று கொடுக்கும் பெயர் தெரியாத மாத்திரைகளும், ஜிம்மில் விற்கும் பவுடர்களும் இதயத் துடிப்பை எகிறவைப்பவையாக இருக்கலாம். உங்கள் குடும்பக் கதைக்கு அவை ஆகவே ஆகாது.

2024 ஆகஸ்ட் மாதம் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வு நடந்தது. ஆண்களுக்கு ஒரு மணி நேரத்தில் 10 கிலோமீட்டர். வெயிலும் புழுக்கமும். அந்த ஓட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்தார்கள். உங்கள் தூரம் அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை, பயப்பட வேண்டாம். ஆனால் வேலை கிடைத்தே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில் உடம்பு சொல்வதைக் கேட்காமல் ஓடத் தோன்றும். அதற்காகச் சொல்கிறேன்.

இரவு ஷிப்ட் முடித்த கையோடு ஓடுவது சரிப்படாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு, ஆறேழு மணி நேரம் தூங்கி, மாலை 5 மணிக்கு மேல் ஓடுங்கள். தேர்வு பெரும்பாலும் காலையில் தொடங்கும் என்பதால், முடிந்தால் கடைசி இரண்டு வாரம் முதலாளியிடம் பகல் ஷிப்ட் கேட்டு வாங்குங்கள். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினும் பாருங்கள். 13 கிராமுக்குக் கீழே இருந்தால் எத்தனை சுற்று ஓடினாலும் மூச்சு வாங்கத்தான் செய்யும். சாப்பிட்ட உடனே டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள். இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை டீ தடுக்கும். புரோட்டீன் பவுடருக்குக் காசு செலவழிக்காதீர்கள். முட்டை, சுண்டல், மீன் போதும்.

தேர்வன்று ஓட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் மூன்று இட்லி, ஒரு வாழைப்பழம். சட்னியில் காரம் வேண்டாம். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். சான்றிதழ் பார்ப்பது, உயரம், மார்பளவு என்று வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருங்கள். புது ஷூவை அன்றைக்கென்று மாட்டாதீர்கள். சுற்றின் நீளம் மைதானத்துக்கு மைதானம் மாறும், எத்தனை சுற்று என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். 400 மீட்டர் ட்ராக் என்றால் முதல் 300 மீட்டருக்கு 1:22, அதன்பின் கோட்டைத் தாண்டும்போதெல்லாம் 3:12, 5:02, கடைசியில் 6:52. விசில் ஊதியதும் பத்துப் பேர் உங்களைத் தாண்டிப் பாய்வார்கள். விடுங்கள், அவர்களில் பாதிப் பேரை மூன்றாவது சுற்றில் பார்ப்பீர்கள்.

முடித்ததும் உட்காராதீர்கள், குனிந்து முழங்காலைப் பிடித்து நிற்கவும் வேண்டாம். ஐந்து நிமிடம் நடந்துகொண்டே இருங்கள். முந்தைய இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் வந்திருந்தால் மட்டும் ஓடுவதற்கு முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். வைரஸ் காய்ச்சல் சில சமயம் இதயத் தசையையும் தொட்டுவிட்டுப் போகும்.