ஓடுவது கால், எண்ணுவது கை

மருத்துவக் கருவிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். ஈசிஜி மெஷின், பல்ஸ் ஆக்சிமீட்டர் என்று பதினெட்டு வருடமாக அவற்றோடுதான் குடித்தனம். விடியற்காலையில் வேலூர் கோட்டை அகழியை ஒட்டி ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருத்தன். இப்போது கூட்டத்தில் பாதிப் பேர் கையில் ஸ்மார்ட் வாட்ச் ஏறிவிட்டது. ஓடி முடித்து டீ குடிக்கும்போது கேட்ட கேள்விகளும், அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து வந்தவையும் இங்கே. நான் டாக்டர் இல்லை, கருவி தெரிந்தவன். அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, மெதுவா ஓட ஆரம்பிச்ச ரெண்டாவது நிமிஷமே வாட்ச் 172 காட்டுது. மூச்சே வாங்கல, பேசிக்கிட்டேதான் ஓடுறேன். இதயத்துல ஏதாவது கோளாறா? (சத்துவாச்சாரி, வயது 26)

தம்பி, நாளைக்கு ஓடும்போது ஒரு நிமிஷத்துக்கு எத்தனை அடி வைக்கிறாய் என்று எண்ணிப் பார். 170-ஐ ஒட்டி வந்தால் திருடன் அகப்பட்டான். வாட்ச் காட்டியது உன் இதயத்தை அல்ல, உன் காலை.

வாட்சுக்கு அடியில் பச்சை விளக்கு எரிகிறதே, அதுதான் விஷயம். ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கொஞ்சம் கூடும்போது திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணித்தான் துடிப்பைச் சொல்கிறது. ஆனால் கையை வீசி ஓடும்போது வாட்ச் குலுங்குகிறது, தோலுக்கடியில் ரத்தமும் அலம்புகிறது. அதுவும் தாளம் தப்பாமல், அடிக்கு அடி. இரண்டு தாளத்தில் எது இதயம், எது கால் என்று பிரிக்க உள்ளே ஒரு கணக்கு ஓடுகிறது. அது சில சமயம் தவறான தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். வாட்ச் லூசாக இருந்தால் கட்டாயம் பிடித்துக்கொள்ளும்.

மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முழங்கைப் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கட்டு. ஆட்டினால் நகரக் கூடாது, கை மரத்தும் போகக் கூடாது. சந்தேகம் வந்தால் நின்று, கழுத்தில் ஒரு பக்கம் மட்டும் விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்கு. நின்றவுடனே எண்ண வேண்டும். தண்ணீர் குடித்துவிட்டு எண்ணினால் அதற்குள் இறங்கிவிடும்.

ஜிம்மில் பெரிய வெயிட் தூக்கி முடிக்கும்போது உடம்பே நடுங்குது, வாட்ச் என்னவோ 96-னு சாவகாசமா இருக்கு. (காட்பாடி)

கம்பியை இறுக்கிப் பிடிக்கும்போது முன்கைத் தசை முறுக்கிக்கொள்கிறது, மணிக்கட்டு மடங்குகிறது, வாட்சுக்கும் தோலுக்கும் நடுவில் இடைவெளி விழுகிறது. அங்கே ரத்த ஓட்டமும் மாறுகிறது. போதாததற்கு வாட்ச் பல வினாடிகளின் சராசரியைத்தான் காட்டும். நீங்கள் தூக்குவதே அரை நிமிஷம். அது சுதாரிப்பதற்குள் நீங்கள் கம்பியைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். வெயிட் பயிற்சிக்கு அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

தறியில உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கல, சாயங்காலம் 7,000 அடி நடந்ததா காட்டுது. என் பையன் சிரிக்கிறான். (ஆரணி, பட்டு நெசவு)

அடியை எண்ணுவது ஒளி அல்ல, அசைவை உணரும் ஒரு சின்னச் சில்லு. கை தாளமாக ஆடினால் நடக்கிறீர்கள் என்று நினைத்துக்கொள்ளும். நாடா ஓட்டுகிற கையில் கட்டினால் நாள் முழுக்க நடைதான். தறியில் உட்காரும்போது கழற்றி வையுங்கள், அல்லது பேன்ட் பாக்கெட்டில் போட்டு நடக்கும் நேரத்தை மட்டும் எண்ணுங்கள். ஆனால் ஐயா, தறி மிதிப்பதும் உடம்பு வேலைதான். பையனை ஒரு நாள் உட்கார வைத்துப் பாருங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

சோளிங்கர் பெரிய மலைக்கு மாசாமாசம் ஏறுவேன். 1,305 படி. வாட்ச் ஒரு தடவைகூட ஆயிரத்தைத் தாண்டலையே? (வாலாஜா)

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதானே ஏறுகிறீர்கள்? கால் ஏறுகிறது, கை கம்பியோடு நின்றுவிடுகிறது. வாட்சுக்குக் கால் தெரியாது. ஆரணிக்காரருக்கு நேர்ந்ததன் மறுபக்கம் இது. கம்பியை விடுங்கள் என்று சொல்ல மாட்டேன், விழுந்தால் வாட்ச் வந்து தூக்காது. படி எண்ணிக்கை தெரிந்த மலை கிடைத்திருக்கிறது, அதை வைத்து வாட்சை எடை போடுங்கள். நடுவில் வரும் சமதளத்தில் நடக்கும் அடிகளைத் தனியாக எண்ணிக் கூட்ட மறக்க வேண்டாம்.

ஒரு மணி நேர ஓட்டத்துக்கு 600 கலோரின்னு வருது. அந்தக் கணக்குல ஞாயித்துக்கிழமை பிரியாணி சாப்பிடலாமா சார்? (ஆம்பூர்)

ஆம்பூரில் இருந்துகொண்டு பிரியாணிக்கு அனுமதி கேட்கும் முதல் ஆள் நீங்கள்தான். சாப்பிடுங்கள். ஆனால் அந்த 600-ஐச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம்.

2017-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்துச் சோதித்தார்கள். துடிப்பில் ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் நின்றன. கலோரியில் ஒன்றுகூடத் தேறவில்லை. நல்லதாக வந்ததே சராசரியாக 27 சதவீதம் பிசகு, மோசமானது 93 சதவீதம். கருவி கலோரியை அளப்பதே இல்லை என்பதுதான் காரணம். நீங்கள் கொடுத்த வயது, எடை, உயரம், அதோடு துடிப்பு, அசைவு, எல்லாவற்றையும் ஒரு சூத்திரத்தில் போட்டு ஊகிக்கிறது.

நம் ஊருக்கு இன்னொரு வில்லங்கம் உண்டு. வேலூரை வெயிலூர் என்று சும்மா சொல்லவில்லை. அக்னி நட்சத்திரத்தில் அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினாலும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் வேகமாக அடிக்கும். வியர்த்து நீர் குறையக் குறைய இன்னும் ஏறும். உழைப்பு கூடவில்லை, துடிப்பு மட்டும் கூடியிருக்கிறது. வாட்சோ கூடுதலாக எரித்தீர்கள் என்று கணக்கு எழுதிவிடும். மே மாதக் கலோரியை டிசம்பரோடு ஒப்பிட்டுச் சந்தோஷப்பட்டால் வெயிலைத்தான் பாராட்டுகிறோம்.

கறுப்புத் தோலுக்கு இந்த வாட்ச் சரியா வேலை செய்யாதுங்கிறாங்களே? எங்க அம்மா கையில பச்சை குத்தியிருக்கு, அவங்களுக்கு? (குடியாத்தம்)

தோலின் நிறமி பச்சை ஒளியை உறிஞ்சும் என்பது உண்மை, அதனால் சந்தேகம் நியாயமானதே. 2020-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பல நிறத்தவரான 53 பேரிடம் சோதித்தபோது, நிறத்தால் சொல்லத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. அசையும்போது வந்த பிழைதான் ஓய்வில் இருப்பதைவிடச் சராசரியாக 30 சதவீதம் அதிகம். பச்சை குத்தியது வேறு கதை. மை ஒளியை மறித்துவிடும். அம்மாவுக்கு மை இல்லாத இடமாகப் பார்த்துக் கட்டுங்கள், உள்மணிக்கட்டானாலும் சரி.

மாமா, வாழைப்பழத்துல கட்டினா 70 காட்டுது! பழத்துக்கு உயிர் இருக்கா? (எட்டாம் வகுப்பு, ராணிப்பேட்டை)

இல்லை கண்ணு. ஒளி திரும்பி வருகிறது, அதில் எப்படியாவது ஒரு தாளம் தேட வாட்சுக்குப் பழக்கிவிட்டிருக்கிறார்கள். பழத்தைச் சாப்பிட்டுவிடு.

வயது 61. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். எவ்வளவு வேகமாக நடந்தாலும் வாட்ச் 105-ஐத் தாண்டுவதில்லை, பயிற்சி போதவில்லை என்கிறது. போன வாரம் நடக்கும்போது நெஞ்சு லேசாக இறுகியது, வாட்சில் எல்லாம் சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன். (பாகாயம்)

ஐயா, இரண்டாவது விஷயம்தான் முதலில். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளை வேண்டாம். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் வேலை இந்த வாட்சுக்குக் கிடையாது. துடிப்பு 80 என்று ஒழுங்காக இருக்கும்போதே ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம். சில வாட்சுகளில் வரும் ஈசிஜியும் ஒரே கோடுதான், ஆஸ்பத்திரியில் எடுப்பது 12. மறுபடி நெஞ்சு இறுகினாலோ, இடது கைக்கோ தாடைக்கோ வலி பரவினாலோ, வியர்த்தாலோ, வாட்சைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இனி அந்த 105. அட்டெனொலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரைகள் துடிப்பு ஏறவிடாமல் பிடித்து வைக்கும், அதுதான் அவற்றின் வேலை. வாட்சோ 220-இல் வயதைக் கழித்து, உங்களுக்கு 159 வரை போகலாம் என்று வைத்துக்கொண்டு திட்டுகிறது. அந்தக் கணக்கு பொதுவான சராசரி, மாத்திரை சாப்பிடுகிறவருக்குப் பொருந்தாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். டாக்டர் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகத்தில் நடந்தால் போதும்.

அப்போ எதைத்தான் வாங்குறது? (கோட்டை டீக்கடைக் கூட்டம், ஒரே குரலில்)

ஓய்வுத் துடிப்பும் சீரான ஓட்டமும் போதும் என்றால் கையில் இருப்பதே போதும். மேடு பள்ளமாக வேகம் மாற்றி ஓடுகிறவர்கள் நெஞ்சுப் பட்டை வாங்குங்கள். அது ஒளியை நம்புவதில்லை, ஈசிஜி மாதிரி இதயத்தின் மின்சாரத்தையே பிடிக்கிறது. கட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனையுங்கள். காய்ந்த பட்டை, வியர்வை வரும் வரைக்கும் உளறிக்கொண்டே இருக்கும்.