சயீத் பரிசுக்குக் கூரைநீர்க் கணக்கு

கேள்வி: எங்கள் பாடசாலைச் சுற்றாடல் கழகம் மழைநீர்ச் சேகரிப்புத் திட்டத்தோடு சயீத் நிலைபேண் பரிசுக்கு விண்ணப்பிக்கலாமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: தாராளமாக. நிலைபேறான (sustainable) தீர்வுகளுக்காக 2008இல் அபுதாபியில் தொடங்கிய இந்தப் பரிசில் உயர்நிலைப் பாடசாலைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு. இலங்கை தெற்காசிய வலயத்தில் வரும். விண்ணப்பம் இணையவழியில்தான்.

பலர் சறுக்குவது கணக்கில். 200 சதுர மீற்றர் கூரை, கொழும்பின் ஆண்டு மழை சுமார் 2,400 மில்லிமீற்றர், இழப்புக்காக 0.8ஆல் பெருக்கினால் 384,000 லீற்றர். இதை அப்படியே 'சேமிப்பு' என்று எழுதிவிடுவார்கள். 5,000 லீற்றர் தாங்கியோ 31 மில்லிமீற்றர் மழையிலேயே நிரம்பிவிடும், மிச்சமெல்லாம் கானுக்குத்தான். ஒக்டோபர், நவம்பரில் கேட்கவே வேண்டாம்!

ஆகவே பிடித்த நீரை விட்டுவிட்டு, பயன்படுத்திய நீரைக் காட்டுங்கள். தாங்கியின் வெளிக்குழாயில் மீற்றர் பூட்டி வாராவாரம் குறியுங்கள். ஒப்பிட, திட்டத்துக்கு முந்தைய 12 மாத நீர்க் கட்டணப் பட்டியல்களையும் எடுத்து வையுங்கள். கூரையைக் கழுவிவரும் முதல் 100–200 லீற்றரை வெளியே விடும் குழாய்க்கும் பாதீட்டில் இடம் வேண்டும்.

வேலையை மாணவர்களே நடத்த வேண்டும். உயர்தர மாணவர் விலகிய பின் பொறுப்பேற்கும் வகுப்பையும் குறிப்பிடுங்கள்.