ஹைட்டியில இவ்ளோ மெடிக்கல் என்ஜிஓ இருந்தும் ஏன் அந்த நாடு தேறல? அங்க யாருக்காவது பணம் அனுப்பினா பிரயோஜனம் உண்டா?

உண்டு, கண்டிப்பா உண்டு. ஆனா யாருக்கு அனுப்புறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு. நான் பப்ளிக் ஹெல்த் படிச்சவ. ஹைட்டிக்கு போனதில்ல, ஆனா 2010 பூகம்பத்துக்கு அப்புறம் அந்த நாட்டப் பத்தி கையில கிடைக்கிறதெல்லாம் படிச்சிட்டு வர்றேன், முடிஞ்சப்போ கொஞ்சம் பணமும் அனுப்புறேன்.

முதல்ல கான்ஜ்னு ஒரு மலைக் கிராமம். 1950கள்ல பெலிக்ர்னு ஒரு அணை கட்டுனதுல வயலெல்லாம் தண்ணிக்குள்ள போயிடுச்சு, விவசாயம் பண்ணிட்டு இருந்த சனங்க மேட்டுல ஏறி குடிசை போட்டு உருவான ஊரு அது. ஃப்ரிட்ஸ் லஃபோந்தான்னு அந்த நாட்டுப் பாதிரியார் ஒருத்தர் அங்க வேலை பார்த்துட்டு இருந்தாரு, பால் ஃபார்மர்ங்கிற அமெரிக்கர் 1983ல அங்க போய்ச் சேர்ந்தாரு, அப்புறம் உருவானதுதான் ஸான்மி லசாந்தேங்கிற மருத்துவ அமைப்பு. இவங்க டிபி பேஷண்டுங்கள ரெண்டு குரூப்பா வச்சுப் பார்த்தாங்க. மாத்திரை ரெண்டு பேருக்குமே ஃப்ரீ. ஒரு குரூப்புக்கு மட்டும் கூடவே மாசம் 30 டாலர், சாப்பாட்டுக்கு உதவி, கிளினிக்குக்கு வந்து போற செலவு, வீடு தேடி வந்து பாக்க அதே ஊர்க்காரர் ஒருத்தர். அந்தக் குரூப்புல எல்லாருமே குணமாயிட்டாங்க, வெறும் மாத்திரை வாங்கினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர்தான் தேறினாங்க. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் என்னன்னா, எவனோ செய்வினை வச்சுத்தான் இந்த நோய் வந்துச்சுன்னு நம்பினவங்களும் மாத்திரைய ஒழுங்கா போட்டுருக்காங்க. படிப்பறிவில்ல, மூடநம்பிக்கை, அதான் மருந்து சாப்பிட மாட்டேங்குறாங்கன்னு டாக்டருங்க சுலபமா சொல்லிடுறோம், அங்க தடையா இருந்தது பசியும் பஸ் காசும்தான்.

அந்த வீடு தேடி வர்ற ஆளப் பத்தி கொஞ்சம் சொல்லணும். அவர் டாக்டரும் இல்ல நர்ஸும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர், ட்ரெய்னிங் குடுத்து சம்பளமும் குடுத்து வேலைக்கு வச்சிருக்காங்க. மாத்திரையோட மலையேறி வர்றாரு, கண்ணு முன்னாடி முழுங்க வைக்கிறாரு, வீட்டுல அரிசி இருக்கா, கூரை ஒழுகுதா, கொழந்தைக்கும் இருமல் இருக்கான்னு விசாரிச்சுட்டுப் போறாரு. பின்னாடி எச்ஐவி மருந்தையும் இப்படித்தான் குடுத்தாங்க, ஏழை நாட்டுல இந்த மருந்தெல்லாம் நடக்காதுன்னு பெரிய பெரிய ஆளுங்க சொல்லிட்டு இருந்த காலத்துல.

அடுத்தது கெஸ்கியோன்னு இன்னொரு மருத்துவ அமைப்பு. 1982ல தலைநகர் போர்ட்-ஓ-ப்ரின்ஸ்ல ஆரம்பிச்சது, ஜான் வில்லியம் பாப்ங்கிற ஹைட்டி டாக்டர் தலைமையில, முழுக்க உள்ளூர்க்காரங்க. அவரு அதுக்கு முன்னாடியே வயித்துப்போக்குல செத்துட்டு இருந்த கொழந்தைங்களுக்கு உப்பு சர்க்கரைக் கரைசல் குடுத்து ஏகப்பட்ட உயிரக் காப்பாத்தினவரு.

இதெல்லாம் இருந்தும் ஏன் தேறலன்னா, பணம் இவங்க பக்கம் வர்றதே கம்மி. பூகம்பத்துக்கு வந்த அவசர நிதியில ஹைட்டி அரசாங்கத்து கைக்குப் போனது வெறும் 1 சதவீதம், மிச்சம் பெரும்பாலும் வெளிநாட்டு ஏஜென்சி, வெளிநாட்டு என்ஜிஓ வழியாவே சுத்துச்சு. அவங்க டென்ட் போட்டு ஆப்பரேஷன் பண்ணி உயிரக் காப்பாத்தினாங்க, அதை நான் குறைச்சு சொல்லல, ஆனா டென்ட் போனதும் அரசு ஆஸ்பத்திரியில சம்பளம் இல்லாத நர்ஸ் அப்படியேதான் இருந்தாங்க. அதே வருஷம் அக்டோபர்ல காலரா. மிர்பலேங்கிற ஊர் பக்கத்துல இருந்த ஐநா அமைதிப்படை முகாமோட கழிவு ஆத்துல கலந்து, அங்கிருந்து ஆர்ட்டிபோனிட் நதிக்குப் போய் நாடு பூரா பரவுச்சு. கிட்டத்தட்ட 10,000 பேர் செத்தாங்க. ஐநா மன்னிப்புக் கேட்க 2016 ஆச்சு. உதவ வந்தவங்களே கொண்டு வந்த நோய், இத எப்போ படிச்சாலும் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

அதே மிர்பலேல 2013ல ஸான்மி லசாந்தே ஆளுங்க அரசாங்கத்தோட சேர்ந்து 300 படுக்கை ஆஸ்பத்திரி தொறந்தாங்க, சோலார் கரண்ட்டு, உள்ளூர் டாக்டருங்களுக்கு ஸ்பெஷலிஸ்ட் ட்ரெய்னிங். 2025ல ஆயுத கும்பல் ஊருக்குள்ள புகுந்ததும் அதையும் மூட வேண்டியதாயிடுச்சு. ஆனா அந்த அமைப்பு நாட்ட விட்டுப் போகல, வேலை செய்யறவங்க அந்த மண்ணுக்காரங்க, செயிண்ட் மார்க் மாதிரி மத்த ஊர் ஆஸ்பத்திரிகள்ல வேலை நடந்துட்டுத்தான் இருக்கு.

அதனால அனுப்புறதுக்கு முன்னாடி அவங்க வருஷ அறிக்கையில மூணு விஷயம் பாருங்க: ஊழியர்கள்ல எத்தனை பேர் அந்த நாட்டுக்காரங்க, கிராமத்துல வீடு வீடா போறவங்களுக்கு சம்பளம் உண்டா, அரசு ஆஸ்பத்திரியோட சேர்ந்து வேலை செய்யறாங்களா இல்ல தனிக்கடையா. அப்புறம், இந்த வேலைக்கு மட்டும்தான்னு கண்டிஷன் போடாம குடுங்க, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கறதா நர்ஸுக்கு சம்பளம் போடறதான்னு அங்க இருக்கறவங்களே முடிவு பண்ணட்டும்.