வாசகர் கேள்வி – பதில்: பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும் ஒரு குழிவிரியன்

கேள்வி: எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பச்சை நிறக் குழிவிரியன் (pit viper என்னும் நச்சுப்பாம்பு) ஒன்றைப் படம் எடுத்தேன். பெரிய செதில் குழிவிரியன் போல இருக்கிறது. ஆனால் கையேட்டில் உள்ள வரைபடம் நீலகிரியைக் காட்டவில்லை. வரைபடம் தவறா? – வாசகர், குன்னூர்

பதில்: வரைபடம் சரிதான். பெரிய செதில் குழிவிரியன் உலகில் வேறெங்கும் கிடையாது; மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே மட்டும்தான் வாழ்கிறது. நீலகிரி அந்தக் கணவாய்க்கு வடக்கே இருக்கிறது. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் மூங்கில் குழிவிரியனாக இருக்கும். அது நீலகிரியிலும் உண்டு, கிழக்குத் தொடர்ச்சி மலைகளிலும் உண்டு.

நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். தலையின் உச்சியைப் பாருங்கள். மற்ற மரக்குழிவிரியன்களுக்கு அங்கே பொடிப்பொடியான செதில்கள் இருக்கும்; பெரிய செதில் குழிவிரியனுக்கு அகன்ற பெரிய செதில்கள். அடுத்து உடலின் நடுப்பகுதி. படத்தைப் பெரிதாக்கி, நடுமுதுகு வரிசையை விட்டுவிட்டு, அதிலிருந்து வயிற்றுத் தகடு (வயிற்றிலுள்ள அகன்ற செதில்) வரை ஒரு பக்கத்துச் செதில் வரிசைகளைச் சாய்வாக எண்ணுங்கள். ஆறோ ஏழோ வந்தால் பெரிய செதில் குழிவிரியன் (உடலைச் சுற்றி மொத்தம் 12 முதல் 15 வரிசை). பத்து வந்தால் மூங்கில் குழிவிரியன் (பெரும்பாலும் 21 வரிசை). கழுத்தருகிலோ வாலருகிலோ எண்ணினால் கணக்கு பிசகும். அங்கெல்லாம் வரிசைகளின் எண்ணிக்கை மாறும். எண்ணுவதற்காகப் பாம்பைப் பிடிக்க வேண்டாம், படமே போதும்.

கேள்வி: கையேட்டு வரைபடத்தில் ஆனைமலையிலிருந்து அகத்தியமலை வரை ஒரே பட்டையாக வண்ணம் தீட்டியிருக்கிறார்களே, அங்கெல்லாம் இந்தப் பாம்பு இருக்கிறதா? – வாசகர், போடிநாயக்கனூர்

பதில்: இல்லை. உங்கள் ஊரிலிருந்தே இதைப் பார்க்கலாம். மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலை. நடுவில் தாழ்ந்து வெப்பமாகக் கிடக்கிறது கம்பம் பள்ளத்தாக்கு. இரு பக்க மலைகளிலும் இந்தக் குழிவிரியன் உண்டு, பள்ளத்தாக்கில் கிடையாது. ஈரம் குறையாத மழைக்காடும் சோலையும் (உயர்ந்த மலைகளின் மடிப்புகளில் வளரும் குட்டையான காடு) அதற்கு வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேலேதான் அதிகம் தென்படுகிறது. ஆகவே ஆனைமலை, மூணாறு, பழனிமலை, மேகமலை, பெரியாறு என்று உயரமான ஈரக்காடுகளை மட்டும் தனித்தனித் திட்டுகளாகக் குறித்தால்தான் வரைபடம் உண்மையைச் சொல்லும். மொத்தமாக வண்ணம் தீட்டினால் பாம்புக்கு நிறைய இடம் இருப்பதாகத் தோன்றிவிடும். பாதுகாப்புக் கணக்கில் இது சின்னப் பிழை அல்ல.

ஆங்கிலேய இயற்கையியலாளர் பெடோம் 1862-இல் இந்த இனத்தை முதன்முதலில் விவரித்தது ஆனைமலைப் பாம்புகளைக் கொண்டு. பெரியாற்று மலைகளுக்கும் அகத்தியமலைக்கும் இடையிலுள்ள செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே இருப்பவற்றை 2021-இல் வெளியான மரபணு ஆய்வு தனி இனமாகப் பிரித்துவிட்டது. அதனால் பழைய கையேடுகளில் அகத்தியமலை வரை நீளும் எல்லையை இப்போது செங்கோட்டையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கணவாய் அகலமாக இருக்க வேண்டும் என்பதில்லை. குளிர்ந்த உச்சிகளை விட்டு இறங்காத பிராணிக்கு, சில கிலோமீட்டர் தாழ்நிலமே கடக்க முடியாத தடைதான்.

கேள்வி: கொழுந்து பறிக்கும்போது பெரிய செதில் குழிவிரியன் கையில் கடித்துவிட்டால் என்ன செய்வது? – வாசகர், வால்பாறை

பதில்: முதலில், கடி ஏன் நேர்கிறது என்பதைப் பார்ப்போம். ஆள் நெருங்கினாலும் இந்தப் பாம்பு ஓடாது; இலையோடு இலையாக அசையாமல் இருந்து தப்பிப்பதே அதன் வழி. அதனால் குச்சியால் செடியைத் தட்டிவிட்டால் போய்விடும் என்று நம்பக் கூடாது. மழைக்காலத்தில் சோலையை ஒட்டிய வரிசைகளில், கை வைக்கும் முன் செடியின் மேல்மட்டத்தைக் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

கடித்துவிட்டால் மோதிரம், வளையலை உடனே கழற்றுங்கள். வீக்கம் வேகமாக ஏறும். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கையை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். தூரத்திலிருந்து எடுத்த படம் ஒன்று இருந்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. நம் நாட்டு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. குழிவிரியன் கடிக்கு அது பொருந்தாது. அதற்காக வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. அதே தோட்டங்களில் தரையில் கிடக்கும் கூன்மூக்கு குழிவிரியன் கடித்தால் இரத்தம் உறைவது கெடலாம், சிறுநீரகம் பழுதாகலாம். எது கடித்தது என்று உறுதியாகத் தெரியாதவரை, மருத்துவமனையில் கண்காணிப்பில் இருப்பதே முறை.

கேள்வி: இலங்கையிலும் இந்தப் பாம்பு உண்டா? – வாசகர், ஹட்டன்

பதில்: கிடையாது. உங்கள் மலையகத்தில் பார்ப்பது இலங்கைக்கே உரிய பச்சைக் குழிவிரியன். அது வேறு இனம்.

கேள்வி: நான் பார்த்ததை ஆய்வாளர்களுக்குப் பயன்படும்படி எப்படிப் பதிவு செய்வது? – வாசகர், மூணாறு

பதில்: ஊர்ப் பெயர் மட்டும் போதாது. மூணாற்றுக்குள்ளேயே உயரம் பல நூறு மீட்டர் மாறுகிறது. செல்பேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, நேரம், பாம்பு இருந்தது சோலையிலா தேயிலையிலா ஏலத்திலா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் என்று எழுதுங்கள். தலையுச்சி ஒரு படம், நடுவுடல் பக்கவாட்டில் ஒரு படம். சாலையில் அடிபட்டுக் கிடப்பதையும் விடாதீர்கள். செதில் எண்ண அதுவும் உதவும். பொதுவெளியில் பகிரும்போது மட்டும் துல்லியமான இடத்தை மறைத்துவிடுங்கள்.