லூகஸுக்கென்று தனி நாவல் எதற்கு?

கேள்வி: அரக்கர்களோடு மோதும் சிறுவர்களின் கதையான ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ தொடரை முழுசாகப் பார்த்துவிட்டேன். ‘லூகஸ் ஆன் தி லைன்’ நாவலில் புதிதாக ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. லூகஸ் அந்த நண்பர் கூட்டத்தின் கறுப்பினப் பையன். தொடர் தொட்டுவிட்டு நகர்ந்த அந்த விஷயம்தான் நாவலின் மையம்.

இரண்டாம் சீசன் ஹாலோவீன் காட்சி ஞாபகம் இருக்கிறதா? லூகஸ், அவன் நண்பன் மைக் இருவருமே ‘கோஸ்ட்பஸ்டர்ஸ்’ படத்து வெங்க்மேனாக வந்து நிற்பார்கள். லூகஸ்தான் அந்தப் படத்தின் கறுப்பினப் பாத்திரமான வின்ஸ்டன் வேஷம் போடுவான் என்று மைக் தானாகவே முடிவு செய்திருப்பான். ‘நீ ஏன் வின்ஸ்டனா வரக் கூடாது? கறுப்பன் இல்லைங்கறதாலயா?’ என்று லூகஸ் மடக்குவான். மைக் திருதிருவென விழிப்பான். சிரிப்போடு காட்சி முடிந்துவிடும். தோழி மேக்ஸின் அண்ணன் முறையான பில்லி லூகஸ்மேல் காட்டும் வெறுப்பையும் தொடர் நிறவெறி என்று பேர் சொல்லிப் பேசியதில்லை.

2022இல் நைஜீரிய எழுத்தாளர் சூயி டேவிஸ் ஒகுங்போவா எழுதிய இந்த நாவல் 3, 4ஆம் சீசன்களுக்கு நடுவே, 1985இல் நடக்கிறது. லூகஸ் உயர்நிலைப் பள்ளியில் சேர்கிறான், கூடைப்பந்து அணிக்குள் நுழைகிறான். அங்கே ஜே என்ற மூத்த கறுப்பின மாணவனின் நட்பு கிடைக்கிறது. உயிருக்குயிரான நண்பர்களிடம்கூடப் பேச முடியாததை இவனிடம் பேச முடிகிறது.

அரக்கர்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நான்காம் சீசனில் அவன் ஏன் பழைய கூட்டத்தை விட்டு விலகினான் என்று கடுப்பானவர்கள் கட்டாயம் படிக்கலாம்.